சொல்தா பென்ஷனும் ஒரு கல்யாணமும்

அன்புள்ள பாபு,

நேற்று போனை நீயாகத்தான் வைத்தாய். லைன் போய்விட்டது என்று நினைத்து நான் கொஞ்ச நேரம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. கோபம் இல்லை. பாடம் நடக்கும்போதே எழுந்து போகிற பையன்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான். ஆனால் நீ என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை பதிவாளர் அலுவலகத்தில் நானும் ரொசாலியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். நோட்டீஸ் கொடுத்து, அது பலகையில் ஒட்டியிருந்து, கெடுவும் முடிந்துவிட்டது. எங்கள் கையெழுத்து விழுந்ததும் ரொசாலிக்கு வந்துகொண்டிருக்கும் பென்ஷன் நின்றுவிடும். அந்தப் பென்ஷனில்தான் அவருடைய மகன் ராபர்ட்டின் குடும்பம் மொத்தமும் சாப்பிடுகிறது. திங்கட்கிழமை தானும் வருவதாக ராபர்ட் சொல்லியிருக்கிறான். சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறானா, கலாட்டா செய்ய வருகிறானா என்று அவனைப் பெற்றவருக்கே தெரியவில்லை. இரண்டு நாளாக நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு நடுவில் உன் போன்.

ரொசாலியை உனக்குத் தெரியும், ஆனால் பெயர் தெரியாது. நம் வீட்டுக்கு அடுத்த சந்தில், பச்சை கேட் போட்ட சொல்தா வீடு. சின்ன வயதில் நீ "சொல்தான்னா இன்னாப்பா?" என்று கேட்டபோது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த சொல்தாவின் மனைவிதான் ரொசாலி. சொல்தா இறந்த பிறகு விதவைக்கான பென்ஷன் பிரான்சிலிருந்து மாதாமாதம் இவருக்கு வருகிறது. நம் நெல்லித்தோப்பில் பென்ஷன் வருகிற வீட்டுக்கு என்ன மதிப்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராபர்ட்டுக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார், பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார்களாம். "வீட்ல பிரெஞ்சு பென்ஷன் வருது" என்று தரகர் சொன்னாராம். அத்துடன் அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று. ராபர்ட் பாரிசுக்கும் போனான். ஒரு குளிர்காலம் ஓட்டலில் தட்டு கழுவினான், திரும்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு உருப்படியாக எந்த வேலைக்கும் போகவில்லை. அவசியமும் வரவில்லை.

அந்த வீட்டில் ரொசாலியை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா? தங்கத்தைப் பார்ப்பதுபோல. மருமகள் ஜெனிட்டா எப்போதும் பின்னாலேயே நிற்பாள். அத்தை மாடிப்படி ஏறாதீங்க, அத்தை மழைல போவாதீங்க, அத்தை வெயில் தாழட்டும். "சொல்தா வீட்டம்மாவத் தரையில நடக்க வுட மாட்டாங்க, தேஞ்சிடுவாங்கன்னு" என்று சந்தில் கேலி பேசுவார்கள். ஒரு தடவை டாக்டர், ரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஜெனிட்டா அன்றோடு உப்பையே நிறுத்திவிட்டாள். கஞ்சி, இட்லி, குழம்பு எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. வருஷக்கணக்காக அப்படித்தான். மாமியார் நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு நிஜமாகவே இருந்தது. அந்த ஆசையில் எவ்வளவு மாமியாருக்காக, எவ்வளவு மாதப் பிறப்புக்காக என்று அவளைக் கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

உன் அம்மா போன பிறகு நான் சமைக்கக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். ஒரு புதன்கிழமை காலை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது. மாதா கோயில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்த ரொசாலி வாசலில் நின்றுவிட்டார். "வாத்தியாரே, கத்திரிக்கா போட்டிருக்கீங்களா?" போட்டிருக்கேம்மா என்றேன். "மாங்கா?" அதுவும்தான் என்றேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ஒரு வாய் குடுங்க. வீட்ல சொல்லிடாதீங்க, ஜெனிட்டா என்னைக் கொன்னுடும்" என்றார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைத் திறந்தபடியே வைத்து, ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதன் பிறகு புதன்கிழமை தோறும் வந்தார். நான் புதன்கிழமைக்கென்று யோசித்துச் சமைக்க ஆரம்பித்தேன். முதலில் குழம்பைப் பற்றிப் பேசினோம். அப்புறம் உன் அம்மாவைப் பற்றி, சொல்தாவைப் பற்றி, உன்னைப் பற்றி, ராபர்ட்டைப் பற்றி. இதற்கு மேல் விவரம் மகனுக்கு எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாளைக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டுப் படி இறங்கும்போது ரொசாலி மயங்கி விழுந்தார். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராபர்ட் வந்த வேகத்தில் வார்டு வாசலிலேயே என் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கம்மாவுக்கு இன்னா போட்டுக் குடுத்த? அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்று கத்தினான். குழம்பு கொடுத்தவன் நான்தானே. டாக்டரம்மா வெளியே வரும் வரை நான் என்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் வந்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "உடம்புல உப்புச் சத்து ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு. மாத்திரையும் சாப்பிட்டு, உப்பையும் இப்படி மொத்தமா நிறுத்துவாங்களா? யார் உங்களை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். ஜெனிட்டா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "நல்லதுக்குத்தானே டாக்டர் செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ராபர்ட் என் சட்டையை விட்டுவிட்டான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் கண்ணைத் திறந்த ரொசாலி முதலில் மருமகளைத்தான் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான் கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மறுபடி கட்டிகினா என் காசு நின்னுபோயிடுமே வாத்தியாரே" என்றார். என் பென்ஷன் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும் என்றேன். "போதும்னு எனக்கும் தெரியும். நான் கேக்கறது அது இல்ல. ஊறுகா வாங்கணும்னா உங்ககிட்ட கேக்கணும். கோயில்ல ஒரு மெழுகுத்திரி ஏத்தணும்னா உங்ககிட்ட கேக்கணும்." அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். சொல்தா இறந்து, விதவைப் பென்ஷனுக்கான காகிதங்கள் பிரான்சுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பல மாதம் ஆகிவிட்டதாம். அந்த மாதங்களில் வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "காப்பி வரும் வாத்தியாரே. எல்லாரும் குடிச்ச பின்னாடி, ஆறி வரும். பென்ஷன் வந்த மாசத்துல இருந்து சூடா வருது. ஜெனிட்டா கெட்ட பொண்ணு இல்ல. அதுக்கே தெரியாம நடக்கறது அது. அந்த ஆறின காப்பிய நான் இன்னொரு தரம் குடிக்க மாட்டேன்."

உன் அம்மா நினைவுக்கு வந்தாள். அவளுக்குச் சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. அக்கா வீட்டுக்கு அரியாங்குப்பம் போகவேண்டும் என்றால் காலையிலேயே என்னிடம் பஸ் காசு கேட்பாள். நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. அதையே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. ரொசாலியிடம் சொன்னேன்: கல்யாணத்தன்றே வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மாதாமாதம் என் பென்ஷனில் சரிபாதி உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத் தானாகப் போய்விடும். கார்டு உங்களிடம் இருக்கும், நான் கணக்குக் கேட்க மாட்டேன். எனக்குப் பிறகு குடும்ப பென்ஷன் உங்களுக்கு வரும். அவர் ஒரு வாரம் யோசித்தார். அடுத்த புதன்கிழமை வந்து, "சரி" என்றார். "ஆனா ஒண்ணு யோசிச்சேன் வாத்தியாரே. இன்னாத்த வுட்டுட்டு வரப்போறேன்னு பாத்தா, அது என் கையிலயா இருக்குது? கார்டு ராபர்ட் பாக்கெட்டுல. நான் மெழுகுத்திரிக்கு இப்பவும் அவனைத்தான் கேக்கறேன்."

நோட்டீஸ் பலகையில் ஏறியதும் சந்து முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஒரு மத்தியானம் ராபர்ட் என் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று எழுந்து நின்றேன். அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். "வாத்தியாரே, கல்யாணம் மட்டும் வேணாம். அம்மா இங்க வரட்டும், சாப்புடட்டும், இருக்கட்டும். நாங்க கண்டுக்கவே மாட்டோம். ஊரு ரெண்டு நாள் பேசும், அப்புறம் மறந்துடும். ரிஜிஸ்டர் பண்ணாதீங்க, அவ்ளோதான்." "பெரியவ பிளஸ் டூ. சின்னவனுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு. அந்தக் காசு நின்னுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க. எனக்கு ஒரு வேலையும் தெரியாது." அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. நாற்பதைத் தாண்டிய ஆள், பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையன்போல நின்றான். ரொசாலியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வருஷா வருஷம் பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன், நான் உயிரோட இருக்கேன், மறுபடி கட்டிக்கல, யாரோடயும் சேந்தும் இல்லன்னு. உங்க வீட்ல குந்திகினு நான் எப்படி அதுல கையெழுத்துப் போடுவேன்? எங்க வூட்டுக்காரரு பொய் சொல்லி வாங்கின காசு இல்ல அது."

இப்போது உன்னிடம் வருகிறேன். நேற்று நீ என்ன சொன்னாய்? "எதுக்குப்பா ரிஜிஸ்டர் எல்லாம்? பேச்சுத் துணைக்கு வரட்டும், போகட்டும். இந்த வயசுல பேப்பர்ல எதுக்கு?" ராபர்ட்டோடு நீ ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை. ஆனால் அவன் சொன்னதையே சொன்னாய். நான் முதலில் உன் அம்மாவின் இடத்தில் இன்னொருவர் வருவது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். என் பென்ஷனில் பாதி அவர் கணக்குக்குப் போகும் என்று சொன்னேன். உன் வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அப்போ இந்த மாசம்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். கேட்டுவிட்டோமே என்று உனக்கே கூச்சமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

ஓசூரில் நீ ஃபிளாட் வாங்கிய புதிதில், ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில், மூன்று மாதத்துக்கு மட்டும் தவணைக்கு உதவச் சொன்னாய். மூன்று மாதம் முடிந்தது. புது வேலையும் கிடைத்தது. நீயும் போதும் என்று சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பணம் போய்ச் சேர்ந்த அன்று நீ போன் செய்வாய். "வந்துடுச்சுப்பா" என்பாய், அப்புறம் கொஞ்சம் பேசுவாய், பேரன் குரலும் கேட்கும். அந்த ஒரு போனுக்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன் பாபு. ரொசாலிக்குச் சூடான காப்பி, எனக்கு மாதம் ஒரு போன். ராபர்ட்டைப் பற்றி நான் எவ்வளவு வக்கணையாகப் பேசினேன்! பச்சை கேட் வீட்டில் நடந்ததுதான் நம் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது, உனக்கு வேலையும் சம்பளமும் இருந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம். நீ கெட்ட பிள்ளை இல்லை. உனக்கே தெரியாமல் நடந்தது இது. ஆனால் இனிமேல் உனக்குத் தெரியாது என்று நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

பென்ஷன் என்றாலே கசப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று சொல்கிறேன், உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. நம் தெருமுனையில் கீரை விற்கும் வேதவல்லி அம்மாவுக்கு அரசாங்கத்தின் முதியோர் பென்ஷன் வருகிறது. பிரெஞ்சு பென்ஷனுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கண்ணுக்கே தெரியாது. அதை வைத்து ஒரு குடும்பம் நடக்காது. ஆனால் அது வர ஆரம்பித்த பிறகு அந்த அம்மா கண்ணுக்கு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறார். மகன் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தார். "மாசம் பொறந்தா மருமவ எனக்கு முட்டை பொரிக்கிறா சார், கடைசி வாரத்துல ரசம்" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படியானால் மாதக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "நானே ஒரு முட்டை வாங்கியாந்து குடுப்பேன், பொரிச்சித்தானே ஆவணும்" என்பார். "கை நெறைய இல்ல சார். கை காலியா இல்ல. அவ்ளோதான்." கார்டு அவர் சுருக்குப்பையில் இருக்கிறது. வங்கிக்கு அவரே நடந்து போகிறார். பெரிய பென்ஷன் வாங்கும் ரொசாலியைவிட அந்த அம்மாவின் தலை நிமிர்ந்திருப்பதற்குக் காரணம் எனக்கு இது ஒன்றுதான் தெரிகிறது.

இதை நான் சொல்லிக் கேட்டதாலா, அவராகவே யோசித்தாரா, தெரியவில்லை. போன மாதம் பிறந்த அன்று, காலைப் பலகாரத்தின்போது, எல்லோர் முன்னாலும் ராபர்ட்டிடம் கையை நீட்டினாராம். "கார்டைக் குடுடா." எதுக்கும்மா என்று கேட்டிருக்கிறான். "வுடறதுக்கு முன்னாடி ஒரு மாசமாச்சும் அது என் காசா இருக்கட்டும்." ராபர்ட் எழுந்து வெளியே போய்விட்டான். பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிட்டா உள்ளே போய், ஆணியில் தொங்கிய அவன் பேண்ட்டிலிருந்து கார்டை எடுத்துவந்து மாமியாரின் தட்டுப் பக்கத்தில் வைத்தாளாம். "அத்தை, பின் நம்பர் அவரு பொறந்த வருஷம்" என்றாளாம். அதை மட்டும் ரொசாலி என்னிடம் இரண்டு தடவை சொன்னார். தன் பணத்துக்கான எண்கூடத் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த மாதப் பணத்தை அவர் எப்படிச் செலவு செய்தார் என்று கேள். பெரிய பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பாக்கி முழுவதையும் கட்டினார். சின்னவனின் பல் டாக்டருக்குக் கொடுத்தார். கோயிலில் தன் கையால் மெழுகுத்திரி ஏற்றினார். கடைசியாகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மீன்காரியிடம் பேரம் பேசி, ஒரு முழு வஞ்சிரம் வாங்கி வந்து தானே சமைத்தார். ராபர்ட் தட்டில் போட்டு, "உப்பு சரியா இருக்கா பாரு" என்றாராம். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டானாம். சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "அடுத்த மாசத்துல இருந்து நீதான்டா. உங்கப்பன் காசு உன்னை இவ்ளோ தூரம் கொண்டாந்து விட்டுச்சு. பிரெஞ்சு நல்லா பேசற. அத வச்சி ஒரு வேலை தேடிக்க." அவன் கையைக் கழுவிக்கொண்டு போனான். அரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட்டில், பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்ட ஆள் வேண்டுமாம். போன வாரம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. நேற்று முன்தினம்தான், "திங்கட்கிழமை நானும் வரேன்" என்று சொல்லியிருக்கிறான். அதைச் சொன்ன முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார் ரொசாலி. அந்தக் குடும்பம் இந்த வருஷத்தை எப்படித் தாண்டப்போகிறது என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒருவருடைய சந்தோஷத்துக்காக நான்கு பேரின் சோற்றில் கை வைக்கிறோமோ என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. ஒரு தடவை ரொசாலியிடமே கேட்டுவிட்டேன். "நாளைக்கி நான் செத்தாலும் அதே நாலு பேருதானே? அப்ப பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்க நான் இருக்க மாட்டேன். இப்ப இருக்கேன்" என்றார்.

நான் சொல்ல நினைத்தது இதுதான், பாபு. இந்த மாதம் பணம் வரும். அடுத்த இரண்டு மாதமும் வரும். அதற்குள் உன் வரவு செலவைச் சரிசெய்துகொள். பிறகு வராது. இது தண்டனை இல்லை. உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாருக்கும் என்னைப்போல மாதம் பிறந்தால் பென்ஷன் வரப்போவதில்லை, உனக்கும்தான். என் வயதில் சூடாக ஒரு காப்பி குடிக்கவேண்டும் என்றால் அதற்கு நீ இப்போதே எடுத்துவைக்க வேண்டும். பேரனின் சம்பளத்தை நம்பி உட்காராதே. என் பென்ஷனை நம்பி நீ உட்கார்ந்ததுபோல அவனையும் ஆக்கிவிடாதே. உன் மனைவி பெயரில் ஒரு கணக்கு இருக்கிறதா? அவள் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது? போய்ப் பார். இல்லையென்றால் இன்றைக்கே எடுத்துக் கொடு. பணம் அனுப்பாத மாதமும் நீ எனக்குப் போன் செய்வாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நான்காவது மாதம் பிறந்தால் எனக்கே தெரிந்துவிடும்.

அம்மாவின் படம் கூடத்தில் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ரொசாலி புதன்கிழமை வரும்போதெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவார். படத்தை எடுக்கவேண்டாம் என்று அவராகத்தான் சொன்னார். "அவங்க வீடுதானே, நான்தான் பின்னாடி வந்தவ" என்றார். நீ வந்தால் உனக்குத் தனியாக இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூரில் பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். அலுவலகத்தில் பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று சாட்சிகள் வேண்டும். லாஸ்பேட்டை பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் ஒருவர். வேதவல்லி அம்மா இன்னொருவர். புதுப் புடவை வாங்கி வைத்துவிட்டாராம், தன் காசில். மூன்றாவதாக யாரும் வராவிட்டால் டிராயிங் மாஸ்டரின் மனைவி இருக்கிறார், அதற்காகக் கல்யாணம் நிற்காது. ஆனால் நேற்று காலை அலுவலகத்தில் குமாஸ்தா, மூன்றாவது சாட்சி யார் என்று கேட்டபோது, என்னையும் அறியாமல் "பையன் வருவான்" என்று சொல்லிவிட்டேன். ரொசாலி என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பையன் வாத்தியாரே? உங்க பையனா, எம் பையனா?"

"எவன் மொதல்ல வரானோ அவன்" என்றேன்.

அன்புடன்,
அப்பா